மேபலுக்கு இறைச்சி பழக்கியது

30 ஒக்டோபர், சனி

மழை. காலையிலிருந்து விட்டு விட்டு. வேலி ஓரமெல்லாம் சேறு.

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதும்படியாக என்னிடம் ஒன்றும் இல்லை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் எனக்கு எழுத வரும் என்று அண்ணை நம்புகிறார். இந்த டயறி அவர் வேலை செய்யும் பெட்ரோல் ஸ்டேஷனில் சும்மா கிடந்தது. கொண்டுவந்து தந்தார். முன் பக்கங்கள் வெறுமையாக என்னையே பார்க்கின்றன. அந்தக் கூச்சத்தில்தான் எழுதுகிறேன். யாராவது கையில் எடுத்தால் தயவுசெய்து மூடிவிடவும்.

இன்று நடந்தது: பக்கத்து வீட்டு லென் வேலிக்கு மேலால் கூப்பிட்டார். இடுப்பு ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரி போகிறாராம். பிறகு கென்ட்டில் மகள் வீடு, கிறிஸ்மஸ் வரை. அதுவரை மேபலைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

மேபல் அவருடைய ஃபெரட். கீரிப்பிள்ளையை இழுத்து நீட்டி, வெள்ளை பூசி, சிவப்புக் கண் வைத்தால் அதுதான். கிழவி. காது கேட்காது.

நான் யெஸ் சொன்னேன். ஆங்கிலத்தில் எனக்கு நோ வராது. தமிழிலும் அவ்வளவாக வராது.

"பாண் ரொட்டியும் பாலும் போதும், லவ். என் அப்பாவும் அதைத்தான் கொடுத்தார்" என்றார் லென். "தொந்தரவு என்றால் சொல். ரொம்ஃபோர்டில் ஒருவன் முயல் பிடிக்க இவற்றை வளர்க்கிறான். வந்து எடுத்துக்கொண்டு போவான்." சொல்லும்போது முகம் சரியில்லை. கொஞ்சம் கழித்து அவராகவே: "இந்த வயதில் முயல் வளைக்குள் விட்டால் திரும்பி வரமாட்டாள்."

அண்ணியிடம் கேட்கப் பயம். கேட்டேன்.

"மச்சம் தின்னுமோ?"

"பாணும் பாலும்தானாம், அண்ணி."

"அப்ப இருக்கட்டும். சைவக் கீரி."

எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் இல்லை. ஊரில் அண்ணையை ஆமி பிடித்து வைத்திருந்தபோது அண்ணி முருகனுக்கு வைத்த நேர்த்தி. அவர் உயிரோடு திரும்பி வந்தார். அவ்வளவுதான், அதற்குமேல் அந்தப் பேச்சில்லை.

1 நவம்பர், திங்கள்

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததிலிருந்து வேலை முடிந்து வரும்போதே இருட்டு. லென் போய்விட்டார். கூடு இப்போது எங்கள் ஷெட்டில். வைக்கோல், பழைய துவாய், என்னுடைய பழைய ஸ்வெற்றர்.

மேபல் பாணைப் பாலில் ஊறவைத்தால் நக்குகிறாள். பிறகு என் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கை வரை போய் அங்கேயே தூக்கம். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் விறைத்தது. பரவாயில்லை.

நாற்றம் உண்மையில் பலமாக இருக்கிறது. அண்ணை: "என்னப்பா, ஆரோ காலுறை கழட்டினமாதிரிக் கிடக்கு."

மேபலுக்கு வயிற்றுப்போக்கும் இருக்கிறது.

4 நவம்பர், வியாழன்

அரை நாள் லீவு. இல்ஃபோர்ட்டுக்குப் பஸ், மடியில் பெட்டி. மேபலின் முதுகெலும்பு கையில் தட்டுப்படத் தொடங்கிவிட்டது. மயிரும் கொட்டுகிறது.

மிருக வைத்தியர் என் வயதுப் பெண். சிவப்புத் தலைமயிர், பெரிய குரல். "பாணும் பாலுமா! அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான்." மேபலின் வாயைத் திறந்து காட்டினார். நான்கு ஊசிப் பற்கள். நான் உயிர்வேதியியல் படித்தவள். வேலை ஆஸ்பத்திரி லாப்பில். இத்தனை நாளும் இந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாண் தின்னும் பல் என்று எப்படி நினைத்தேன்?

அவர் சொன்னது, மறக்காமல்:

பச்சை இறைச்சி, எலும்போடு. கோழிச் செட்டை (இறக்கை), ஈரல், இதயம்.
பழகாத மணமுள்ளதை லேசில் தொடாது. விரலில் தொட்டு உதட்டில் பூச வேண்டும். பிறகு சின்னத் துண்டாக.
பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.
பட்டினி மட்டும் போடக்கூடாது. அரை நாள் தாங்காது.
மாற்றாவிட்டால் கிறிஸ்மஸைப் பார்க்காது.

பின்னேரம் குசினியில்.

"அண்ணி, அது மச்சம் தின்ன வேணுமாம்."

"ஆர் சொன்னது?"

"டொக்டர்."

"எங்கட டொக்டரோ, அதின்ர டொக்டரோ?"

"அதின்ர."

அண்ணி வெண்டிக்காயை வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டி முடித்துத்தான் நிமிர்ந்தார். "குசினிப் படி தாண்டக்கூடாது. கத்தி, பலகை, கோப்பை எல்லாம் வேற. உம்மட கையும் வேற எண்டா நல்லது."

சரி என்றுதானே அர்த்தம்? சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

6 நவம்பர், சனி

நேற்று நவம்பர் ஐந்து, வெள்ளைக்காரரின் வெடி நாள்; முழுக்கத் தெருவில் வெடி. மேபலுக்குக் கேட்கவே இல்லை. செவிடாக இருப்பதில் ஒரு நன்மை.

ஸ்டேஷனடி இறைச்சிக் கடை. இத்தனை வருடமாக அதன் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். இன்று உள்ளே. கீழே மரத்தூள், மேலே ரேடியோ. கடைக்காரர் நல்ல மனிதர்.

"எத்தனை பேருக்கு, சிஸ்டர்?"

"ஒருவருக்கு."

"கறிக்கா? ரோஸ்டா?"

"இல்லை. பச்சையாக."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தானா, கோயிலில் தேவாரம் படிப்பிக்கும், குட்மேய்ஸில் இருக்கும் அன்ரி உள்ளே வரவேண்டும்!

"என்ன பிள்ளை, நீங்கள் இஞ்சால?"

"கீரிக்கு, அன்ரி."

"ஆ… கீரிக்கோ." பொதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓமோம். வடிவாச் சாப்பிடுங்கோ."

காது சுட்டது, வீடு வரைக்கும்.

ஷெட்டில் புதுக் கத்தி, புதுப் பலகை. லாப்பில் நாள் முழுவதும் மற்றவர்களுடைய இரத்தம். ஆனால் ஒரு கோழி ஈரலைத் தொடக் கையை நீட்டி, திரும்ப இழுத்துக்கொண்டேன். கையுறை போட்டேன். வெளிக்குழாயடியில் கழுவப் போனபோது குசினி ஜன்னலில் அண்ணி.

"மஞ்சள் போட்டுக் கழுவினீரோ?"

"இல்லை."

"பின்ன? நாத்தம் போகாது. உப்பும் போடும்." பேப்பரில் மடித்து, கையை முழு நீளத்துக்கு நீட்டித் தந்தார். மஞ்சள் குசினியிலிருந்து வெளியே வரலாம். மச்சம்தான் உள்ளே போகக்கூடாது.

நன்றாகக் கழுவினேன். மூன்று தண்ணீர். இரத்தம் ஒரு பொட்டில்லை, பொன் மாதிரி மஞ்சள். விரலில் தொட்டு மேபலின் உதட்டில் பூசினேன். தும்மினாள். மூக்கை நிலத்தில் தேய்த்துக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போனாள்.

முதல் நாள்தானே.

8 நவம்பர், திங்கள்

தொடவில்லை. கோப்பையைக் கவிழ்த்து வைக்கோலால் மூடிவிட்டாள், பிணத்தைப் புதைப்பது போல. பாண் பால் கேட்டுக் கம்பியைச் சுரண்டுகிறாள். பாதி கொடுத்தேன்.

வெள்ளை மூக்கு மஞ்சளாகிவிட்டது. அண்ணி ஜன்னலால் பார்த்துவிட்டு: "பொம்பிளை பாக்க வருகினமோ?"

10 நவம்பர், புதன்

இல்லை. இன்றும் இல்லை. நாற்றம்தான் பிரச்சினை என்று நினைத்து மஞ்சளைக் கூட்டினேன். இன்னும் மோசம். மேபலைத் தூக்கினால் காற்றைத் தூக்குவது போல இருக்கிறது.

அண்ணை ஷிப்ட் முடிந்து ஷெட்டுக்கு வந்தார். நான் செட்டையை அறுக்கப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு வாங்கி, மூட்டில் மடக்கி, ஒரு திருகு. இரண்டாகிவிட்டது.

"எப்படி அண்ணை தெரியும்?"

"ரீவியில பாத்தனான்."

அவருடைய ஜக்கெற்றில் சில நாட்களில் ஒரு கோழிப் பொரியல் மணம் வரும். அவர் வேகமாக உள்ளே போய்விட்டார்.

கிறிஸ்மஸைப் பார்க்காது என்று அந்த மிருக வைத்தியர் சொன்னது தலைக்குள் நிற்கிறது.

13 நவம்பர், சனி. தீபாவளி

எண்ணெய் வைத்து முழுக்கு. நல்ல வெயில், ஆனால் கடும் குளிர். அண்ணி வடை சுட்டார். புகை அலாரம் கத்திவிடும் என்று பின் கதவைத் திறந்து வைத்திருந்தார். வினை அங்கேதான்.

ஷெட் வாசலில் செட்டைப் பையை வைத்துவிட்டு மஞ்சள் வாங்க ஜன்னலுக்குப் போனேன். கூட்டுக்கு வெளியே விட்டிருந்த மேபலை அண்ணை பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணை பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும்போது மேபலின் தலை பைக்குள்.

வெளியே வந்தபோது மூக்கெல்லாம் சிவப்பு. வாயில் ஒரு முழுச் செட்டை. நான் ஓடினேன். பறிக்க வருகிறேன் என்று நினைத்திருப்பாள், அவளும் ஓடினாள். திறந்த கதவுக்குள். குசினிக்குள். அண்ணியின் காலுக்கு மேலால்.

"ஐயோ முருகா! இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" அண்ணி எண்ணெய்க் கரண்டியோடு கதிரைக்கு மேல்.

மேபல் ஹோலுக்குள் போய், படிக்குக் கீழே இருக்கும் சாமி அலுமாரியின் அடியில் நுழைந்துவிட்டாள். பிறகு சத்தம். நறுக், நறுக்.

மூன்று பேரும் வரிசையாக நின்றோம்.

"தின்னுதோ?" அண்ணை மெதுவாக.

"தின்னுது."

"சிரிக்கிறீரோ?" அண்ணி கேட்டார். சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உடம்பு முழுக்க ஒரு இளக்கம்.

கழுவாத இறைச்சி. அவ்வளவுதான் விஷயம். இரத்தத்தின் மணத்தைத்தான் அவள் தேடியிருக்கிறாள். அதைக் கழுவிக் கழுவி மஞ்சள் பூசிக் கொடுத்திருக்கிறேன், எங்கள் நாட்டில் எல்லோரும் செய்வதுபோல.

அண்ணி திரும்பிக் குசினிக்குப் போனார். அடுப்பை அணைத்தார். வடை மா பாதியில் நின்றது.

14 நவம்பர், ஞாயிறு

கந்தசஷ்டி தொடக்கம். விடிய முன்னரே அண்ணி வீடு முழுவதையும் கழுவிவிட்டார். மஞ்சள் தண்ணீர், படிக்கட்டுவரை. நான் உதவப் போனேன். "வேண்டாம்."

விரதம் முடியும்வரை அவருக்குப் பாலும் பழமும்தான்.

காலை பூசை முடிந்து என்னைக் கூப்பிட்டார். "விரதத்தில நான் ஒருத்தரையும் ஏசிறேல்லை. இதை மட்டும் சொல்லுறன். நீர் வேணுமெண்டு செய்யேல்லை, எனக்குத் தெரியும். ஆனா நேர்ந்தது நேர்ந்ததுதான். பாரணை முடிய அது போகோணும்."

சரி என்றேன். அந்த நேர்த்தியால்தான் எனக்கு அண்ணை இருக்கிறார் என்று அவர் நம்புகிறார். நானும் பாதி நம்புகிறேன்.

அண்ணை லென்னின் மகளுக்கு டெலிபோன் எடுத்தார். ரொம்ஃபோர்ட்காரனுக்குச் சொல்கிறாளாம்.

16 நவம்பர், செவ்வாய்

கழுவாத ஈரல், என் விரல் நுனியிலிருந்து. கையுறை இல்லாமல். வழுவழுப்பு, குளிர். நாக்கு மட்டும் சூடு, அரத்தால் தேய்ப்பது போல. கடித்துவிடுவாளோ என்று கண்ணை மூடினேன். கடிக்கவில்லை. ஈரல் எங்கே முடிகிறது, விரல் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரிகிறது.

பால் முழுக்க நிறுத்தியாயிற்று. வயிறு சரி. முதுகில் மினுமினுப்பு. சாப்பிட்டுவிட்டு ஷெட் முழுக்கப் பக்கவாட்டில் துள்ளித் துள்ளிக் கூத்து. தனியாக இருந்து சிரித்தேன்.

அவள் தேறத் தேற, முயல் பிடிக்கிற ரொம்ஃபோர்ட்காரனுக்கும் நல்லது. இதை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

லாப்பில் என்னோடு வேலை செய்யும் தெரீசா: "உன் முகத்துக்கு என்ன ஆச்சு? நல்லாயிருக்கே."

17 நவம்பர், புதன்

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் சிக்னல் பழுது. ரயில் பெட்டிக்குள் அடைபட்டு நின்றோம். எல்லோரும் பேப்பருக்குப் பின்னால். எனக்கு மேபல் நினைவு. காலையில் கொடுத்தது. அரை நாள் எப்போதோ தாண்டிவிட்டது. அண்ணை வேலையில். வீட்டில் அண்ணி மட்டும், விரதத்தோடு.

ஸ்டேஷனிலிருந்து ஓட்டம். ஷெட்டில் மேபல் சுருண்டு படுத்திருந்தாள். வயிறு உருண்டை. கோப்பையில் எலும்புத் துகள்.

உள்ளே அண்ணி ஹீட்டருக்குப் பக்கத்தில். ஈரத் தலையில் துவாய். பல் தந்தியடிக்கிறது.

"என்ன அண்ணி, இந்தக் குளிரில முழுகினீங்களோ?"

"ரெண்டு தரம்." என்னைப் பார்க்கவில்லை. "நீர் வரேல்லை. அது கம்பியைப் பிறாண்டிக்கொண்டு நிண்டுது. நீர் ஷெட்டில வச்சிட்டுப் போன செட்டையை இடுக்கியால தூக்கிப் போட்டனான். கண்ணை மூடிக்கொண்டு."

"விரதத்திலயோ…"

"விரதம் எனக்கு. நான் நேர்ந்ததுக்கு அது ஏன் பட்டினி கிடக்கோணும்?"

தேத்தண்ணி போடலாமா என்று கேட்டேன். பால் மட்டும் போதும் என்றார். சூடாக்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே:

"இடுக்கியைப் பிடிச்சு இழுக்குது பாரும், என்ன பலம்! நான் பாக்கிறன், அது விடமாட்டன் எண்டு நிக்குது."

"கண்ணை மூடிக்கொண்டெண்டு சொன்னீங்கள்?"

"ஒரு கண்."

19 நவம்பர், வெள்ளி

சூரன்போர். வேலையிலிருந்து நேராகக் கோயில். சேர்ச் றோட் முழுக்கச் சனம். கோட்டுக்கு மேல் சால்வை, சப்பாத்துக்குப் பதில் ஈரக் காலுறை. சூரனின் தலை மாறும்போதெல்லாம் பிள்ளைகளின் கூச்சல். அண்ணி மெலிந்து, கண் மட்டும் பெரிதாக.

குட்மேய்ஸ் அன்ரி எங்களைத் தேடி வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி: "உங்கட கீரி சுகமோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நல்ல சுகம்" என்றார் அண்ணி. "ஈரலெண்டா உயிர். செட்டையும் பரவாயில்லை."

அன்ரி வாயை மூட மறந்துவிட்டார்.

20 நவம்பர், சனி

பாரணை. சோறு, பருப்பு, டின்னில் வந்த அகத்திக்கீரை. அண்ணி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். பார்க்கவே சந்தோஷம்.

கை கழுவிக்கொண்டே அண்ணையிடம்: "ஷெட்டுக்கு ஒரு பழைய பிரிட்ஜ் கிடைக்குமோ பாருங்கோ."

"என்னத்துக்கு?"

"பிள்ளை ஒவ்வொரு நாளும் கடைக்கு ஓடுறாள். வாங்கி வைக்கலாமெல்லோ."

"நீர்தானே அதைப் போகச் சொன்னது? நான் போனும் எடுத்துச் சொல்லிப்போட்டன்!"

"நான் சொன்னா உடனே செய்யிறனீங்களோ? குழாய் ஒழுகுதெண்டு சொல்லி எவ்வளவு காலம்?"

நான் கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றேன், துடைத்ததையே திரும்பத் திரும்ப.

மத்தியானம் டெலிபோன். நான்தான் எடுத்தேன். லென்னின் மகள். அப்பாவால் இனி படி ஏற முடியாது, வாடகை வீட்டைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாளை சாமான் பார்க்க இருவரும் வருகிறார்கள். ரொம்ஃபோர்ட்காரனும் நாளைதான். "உங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருக்கும்."

அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொன்னீர்?"

"தாங்க்யூ எண்டு."

அண்ணி தலையில் கை வைத்தார்.

"நான் எடுத்துக் கதைக்கட்டோ?" அண்ணை.

"நீங்கள் எடுத்துக் கதைச்சது காணும். அவதானே விரலைக் குடுத்துப் பழக்கினவ. அவ கேக்கட்டும்."

21 நவம்பர், ஞாயிறு

பனிமூட்டம். கண்ணாடியில் ஈரம்.

கார் வந்தபோது நான் மேபலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். லென் இரண்டு ஊன்றுகோலோடு. மெலிந்துவிட்டார், சட்டைக் கழுத்து பெரிதாகிவிட்டது. மகள் உள்ளே சாமான் கட்டப் போனாள். அவர் காரின் முன் சீற்றிலேயே இருந்தார், கதவு திறந்தபடி. மேபலின் பெட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

மூடியைத் திறந்தார். மேபல் தலையைத் தூக்கி அவர் கையை மணந்தாள். அவர் கை அவள் முதுகு நீளத்துக்கும் போய் வந்தது.

"என்னிடம் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. என்ன கொடுத்தாய், லவ்?"

"இறைச்சி."

"நீங்கள் இறைச்சி தொடமாட்டீர்களே."

"ஓம்" என்றேன், ஆங்கிலத்தில் பேசுகிறேன் என்பதை மறந்து.

அவர் மூக்கை உறிஞ்சினார். குளிராக இருக்கலாம். மகள் முன் கதவில் நின்று ரொம்ஃபோர்ட்காரன் வழியில்தான் இருக்கிறான் என்று கத்தினாள். லென் பெட்டி மூடியைப் பிடித்தபடியே இருந்தார், மூடாமல். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர். அது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான்.

எங்கள் வாசலில் அண்ணி, கையில் தேத்தண்ணித் தட்டு. தமிழில், நல்ல சத்தமாக: "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? கேளுமன்!"

லென் அண்ணியைப் பார்த்தார். பிறகு என்னை. "அவர் என்ன சொல்கிறார்?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்த ஆங்கில வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். எழுதி வைக்கிறேன், நான்தான் சொன்னேன் என்று பிறகு நம்புவதற்காக:

"லென், இவளை ரொம்ஃபோர்டுக்குக் கொடுக்காதீர்கள். எனக்குத் தாருங்கள்."